துளசிமணி 1999 – 2024

தம்பி, அந்தச் சுருளைக் கீழ வெக்காதீங்க, கண்டக்டர் மிதிச்சுட்டுப் போயிருவாரு. இப்படி என்ற மடில சாச்சுக்குங்க. பிளான் பேப்பருங்களா? வீடா, கடையா? ஓட்டலா! அட போங்க. கரூருல ஏறினதுல இருந்து யாருகிட்டயாவது வாயைத் தொறக்கோணும்னு உக்காந்திருந்தேன். ஆண்டவனாப் பார்த்து ஓட்டல்காரரைப் பக்கத்துல அனுப்பியிருக்கான். நீங்க கோயமுத்தூரா? நான் வெள்ளகோவில்ல எறங்கிருவேன். அதுக்குள்ள முடிச்சுருவேன். நீங்க கேட்டாலும் சரி, தூங்கினாலும் சரி.

ஒண்ணே ஒண்ணு மொதல்ல. டிசைனுக்கு ஆள் வெச்சிருக்கீங்களா? முன்னாடி சுவத்துக்கு என்ன கலரு சொன்னாரு? கறுப்பா? சிரிக்கறீங்க. அப்ப நீங்க கேட்டே ஆகோணும், தூங்கக் கூடாது.

என் பேரு சென்னியப்பனுங்க. கரூருல பஸ் பாடி கட்டற பட்டறைக வரிசையா இருக்குதில்ல, அந்த ரோட்டுல இருபத்தஞ்சு வருசமா மெஸ். 'சென்னியப்பன் மெஸ்'. மத்தியானம் ஒரு வேளைதான். நாட்டுக்கோழிக் கொழம்பு. பட்டறை ஆளுக அத்தனை பேரும் நம்ம கடைதான். சமைக்கறது எங்கூட்டுக்காரி, துளசிமணி. நான் முன்னாடி பாத்துக்குவேன். முன்னாடின்னா என்ன, வர்றவங்களை 'வாங்க'ம்பேன், போறவங்களைப் 'போயிட்டு வாங்க'ம்பேன். நடுவுல ரெண்டு தடவை ஃபேன் ஸ்பீடைக் கூட்டிக் கொறைப்பேன். அவ்வளவு பாடுபட்டதாலதான் போர்டுல என்ற பேரு.

நல்லாத்தான் போயிட்டிருந்துது. எதுத்தாப்பல ஒருத்தன் புதுசா ஒரு கடை தொறந்தான் பாருங்க, அங்க ஆரம்பிச்சுது கெரகம். பொண்ணு புள்ளைக உள்ள போறதும், சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டைப் போட்டோ புடிக்கறதும். என்ற கடைல இத்தனை வருசத்துல ஒருத்தனும் ஒரு இலையைப் போட்டோ புடிச்சதில்லைங்க. கை நனைப்பான், ஏப்பம் விடுவான், போயிருவான். எனக்கு மனசு கேக்கலை. துளசிகிட்டச் சொன்னேன். 'சாப்பிடத்தான மாமா வர்றாங்க'ன்னா. அவளுக்கு என்ன தெரியும், அடுப்படில கெடக்கறவளுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

கோயமுத்தூருல இருந்து ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தேன். ஆதர்ஷுனு பேரு. பிராண்டிங் பண்றவரு. வந்ததும் ஒரு அட்டையைக் காட்டினாருங்க. அட்டைல சாக்குத் துணி ஒரு துண்டு, துருப்புடிச்ச தகரம் ஒரு துண்டு, காஞ்ச இலை ஒண்ணு ஒட்டியிருக்குது. 'இதுதான் சார் உங்க மூட் போர்டு'ன்னாரு. எங்க கடைக்குப் பின்னாடி குப்பைல இதெல்லாம் ஒட்டுக்காக் கெடக்குது தம்பி. ஆனா அட்டைல ஒட்டி, ஏசி ரூம்புல வெச்சுக் காட்டினா எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சு. 'நெம்ப நல்லாருக்குதுங்க'ன்னேன்.

அப்பறம் கேட்டாரு, 'சார், உங்க பிராண்ட் ஸ்டோரி என்ன?' கதை வேணுமாமா. கதை இல்லாம இப்பெல்லாம் யாரும் சோறு திங்க மாட்டாங்களாம். நான் என்ற கதையை ஆரம்பிச்சேன். பத்தாவது பெயிலானது, பஸ் பட்டறைல டிங்கரிங் பாத்தது, மொதலாளிகூட சண்டை போட்டது. ஒரு மணி நேரம் சொன்னேன். பையன் மூணு தடவை கொட்டாவி விட்டாரு. தண்ணி குடிக்கறேன்னு சமையல்கட்டுக்குள்ள போனவரு, அரை மணி நேரம் கழிச்சு வாயெல்லாம் கொழம்போட வந்து, 'சார், ஆன்ட்டிதான் சார் உங்க பிராண்டு'ன்னாரு.

பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துது. இருபத்தஞ்சு வருசமா இருக்கற பேரை எடுத்துட்டு 'துளசிமணி'ன்னு வெக்கோணுமாம். சரி, பொண்டாட்டி பேருதான, ஊரான் பேரில்லையேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அவகிட்டச் சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. கண்ணுல தண்ணி. வெங்காயந்தான்னு நான் வந்துட்டேன்.

மூணு மாசம் வேலை நடந்துது. சொன்னா நம்ப மாட்டீங்க. டியூப் லைட்டை எல்லாம் கழட்டிட்டு, குண்டு பல்பா தொங்க விட்டாரு. பல்பு எரியுது, வெளிச்சம் இல்லை. கோழிக் கொழம்புல எலும்பு எது, துண்டு எதுன்னு பாக்க செல்போன் லைட்டு அடிக்கோணும். பெஞ்சை எடுத்துட்டு, இடுப்பு ஒசரத்துக்கு இரும்பு ஸ்டூலு. வேட்டி கட்டினவன் அதுல ஏறி உக்கார்றதுக்குள்ள பசியே போயிரும். தண்ணிக்கு டம்ளரு இல்லை, ஊறுகாய் பாட்டிலு. சமையல்கட்டு வாசலை அடைச்சுட்டு, சின்னதா ஒரு ஜன்னலு, ஜன்னல்ல ஒரு மணி. சாப்பாடு ரெடின்னா மணி அடிக்கோணும். நான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். எரும மாடாட்ட ஆட்டினேன்.

முகப்புதான் கடைசி. சுவரு பூராக் கறுப்பு. அதுல துளசியோட போட்டோ, ஆளு ஒசரத்துக்கு. அவ முகம் கழுவிட்டு வர்றேன்னா, பையன் விடலை. 'இப்படியே இருங்க ஆன்ட்டி, அதுதான் நேச்சுரல்'னு சொல்லிப் புடிச்சு, அதைக் கறுப்பு வெள்ளையா மாத்திட்டாரு. கலருல இருந்தா மலிவாத் தெரியுமாம். போட்டோவுக்குக் கீழ 'துளசிமணி'. அதுக்குக் கீழ '1999 – 2024'. மெஸ் ஆரம்பிச்ச வருசமும், புதுக் கடை தொறக்கற வருசமும். அதுக்கும் கீழ ஒரு வரி, 'அந்தக் கைமணம் என்றும் நம்மோடு'. நான் ரோட்டுல நின்னு பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. அப்பவாவது ரோசனை பண்ணியிருக்கோணும், ஓட்டல் போர்டைப் பார்த்து எதுக்குடா கண்ணுல தண்ணி வருதுன்னு.

சிரிக்காதீங்க. இருங்க, இன்னும் நான் செஞ்சதைச் சொல்லலை.

ஆவணில நல்ல நாள் பாத்து, காலைல நாலரைக்கு ஓமம். துளசி பின்வாசல் வழியா வந்து ஓமத்துல உக்காந்துட்டு, அப்படியே அடுப்புக்குப் போயிட்டா. முன்பக்கம் அவ பாக்கவே இல்லை. பூக்காரரு சாமி படத்துக்கெல்லாம் மாலை கொண்டாந்திருந்தாரு. ரோசாப்பூ மாலை ஒண்ணு மிச்சமாயிருச்சு. வீணாப் போகுதே, இத்தனை நாள் உழைச்சவளுக்கு ஒரு மரியாதை பண்ணுவமேன்னு, ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் போட்டோவுக்கு நானே என் கையால மாலையைப் போட்டேன். ஊதுபத்தியை உள்ள வெச்சா புதுத் தரைல சாம்பல் விழும்னு, அதையும் போட்டோவுக்குக் கீழ கொண்டு போய் ஏத்தி வெச்சேன்.

ஆமாங்க. நீங்க சொல்லவே வேண்டாம். இப்ப எனக்கும் தெரியுது.

மொத ஆளு நாச்சிமுத்து அண்ணன். பட்டறை ஃபோர்மேன், பதினஞ்சு வருசமா நம்ம கடைல சாப்பிடறவரு. வாசல்ல நின்னாரு. செருப்பைக் கழட்டினாரு. கடைக்கு எவன் செருப்பைக் கழட்டுவான்? புதுத் தரைக்கு மரியாதை குடுக்கறாருன்னு நெனச்சேன். உள்ள வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு.

'எப்பங்க?'ன்னாரு.

'காலைல நாலரைக்குங்க'ன்னேன்.

'சிரமம் ஒண்ணும் இல்லியே?'

'ஒண்ணும் இல்லைங்க. சுலபமா முடிஞ்சுது. ஐயருதான் கொஞ்சம் லேட்டு.'

அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. 'இன்னிக்கே கடையைத் தொறந்துட்டீங்களே சென்னியப்பா'ன்னாரு. 'ஒரு நாள் விட்டா ஆளுக வேற கடைக்குப் பழகிருவாங்கண்ணா'ன்னேன். அந்த மனுசன் தலைல கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

பன்னெண்டு மணிக்கு அவரு பட்டறை ஆளுக பதினாலு பேரு ஒரு மாலையோட வந்தாங்க. அதைப் போட்டோவுக்குப் போட்டுட்டு, கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்பத்தான் தம்பி எனக்கு மண்டைல அடிச்சாப்பல உறைச்சுது. வெளிய ஓடிப் போய்ப் பாத்தேன். கறுப்புச் சுவரு, கறுப்பு வெள்ளைப் போட்டோ, பேருக்குக் கீழ ரெண்டு வருசம், ரெண்டு மாலை, ஊதுபத்தி. அடக் கெரகமே! ஊரு பூரா சுவத்துக்குச் சுவரு ஒட்டற கண்ணீர் அஞ்சலி போஸ்டரையே நான் சிமெண்டு போட்டுக் கட்டியிருக்கறேன்.

உடனே சொல்லியிருக்கோணும். வாஸ்தவம். 'ஐயா, அவ உசுரோட இருக்கறா, உள்ள கோழி வறுக்கறா'ன்னு ஒரு வார்த்தை. ஆனா உள்ள பாக்கறேன், ஒரு ஸ்டூலு காலியில்லை. நிக்கறாங்க. துக்கம் விசாரிக்க வந்தவன் அத்தனை பேரும் சாப்பிடறான். சும்மா சாப்பிடலை, பேசிக்கிட்டே சாப்பிடறான். 'அந்தக் கை போயிருச்சேப்பா'ங்கறான் ஒருத்தன். 'எங்கம்மா கூட இப்படி வெக்க மாட்டா'ங்கறான் இன்னொருத்தன். 'இனி இந்தக் கொழம்பு கெடைக்குமோ என்னமோ, இன்னொரு கரண்டி ஊத்துங்க'ன்னு ஒருத்தன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுக் கேக்கறான். சாயந்திரம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். சாயந்திரம் ஆச்சு, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

துளசிக்குத் தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியும். அந்த ஜன்னல் வழியாத்தான் எல்லாம் கேக்குதே. மொத நாளு சாயந்திரம் என்னைக் கூப்புட்டா. செத்தேன்டான்னு போனேன். 'ஏனுங்க மாமா, நான் செத்துப் போயிட்டனாமா?'ன்னா. அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா! கரண்டியைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கறா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. 'உசுரோட இருக்கறப்ப ஒரு சீவன், இந்தக் கொழம்பு யாரு வெச்சதுன்னு கேட்டதில்லை. இப்பப் பாருங்க'ன்னா.

ரெண்டாம் நாளு தலைல மல்லிகைப்பூ வெச்சுக்கிட்டு வந்தா, அடுப்படிக்கு. ஜன்னலை நல்லாத் தொறந்து விடச் சொன்னா. 'மாமா, அந்த மூலைல இருக்கறவரு என்னமோ சொன்னாரே, இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க'ங்கறா. எனக்கு நிம்மதியாப் போச்சு. பொம்பளை சந்தோசமா இருக்கறா, கடை நெறைஞ்சு வழியுது, யாருக்கு என்ன நட்டம்?

மூணாம் நாளு யூடியூப்புல போடறேன்னு ஒருத்தரு கேமராவோட வந்தாரு. போட்டோ முன்னாடி என்னை நிக்க வெச்சாரு. 'அம்மா போன பிறகும் ருசி அப்படியே இருக்கே சார், எப்படி?'ன்னாரு. நான் என்னத்தைச் சொல்லட்டும்? அவ உள்ளதான் இருக்கறான்னா சொல்ல முடியும்? வாய்க்கு வந்ததை ஒரு வார்த்தை சொன்னேன். 'மாறாதுங்க. அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்'னேன். அது சும்மா, ஒரு பேச்சுக்கு. கேமராவைப் பாத்ததும் வாய் தானா ஓடிருச்சு.

அப்பறம் மணி அடிக்கவே இல்லைங்க. கேட்டுப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், சத்தமில்லை. பின்னாடி சுத்திப் போய்ப் பாக்கறேன், அடுப்பு அணைஞ்சிருக்குது. சட்டி நெறையக் கொழம்பு. முந்தானைல சொருகற கரித்துணியை மடிச்சு மேடை மேல வெச்சிருந்தா. ஆளைக் காணோம். பஸ் ஏறி வெள்ளகோவிலுக்கு, அவங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா.

சரி, கொழம்புதான் இருக்குதேன்னு எடுத்து ஊத்தினோம். மொதல் பந்தி, நாச்சிமுத்து அண்ணன் ஒரு வாய் வெச்சாரு. நிறுத்தினாரு. என்னைப் பாத்தாரு. சோத்தை அப்படியே வெச்சுட்டு இலையை மூடிட்டு எந்திரிச்சாரு. ஒவ்வொருத்தனா எந்திரிக்கறான். நான் நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பு இருக்குது, காரம் இருக்குது, எல்லாம் இருக்குது. ஆனா அது அந்தக் கொழம்பே இல்லை. கடைசியா எதையோ ஒண்ணு போடுவா போல. அதை மட்டும் போடாமப் போயிட்டா.

அவ போயி இன்னிக்கோட இருபத்தாறு நாளுங்க. இப்பக் கடை பூட்டிக் கெடக்குது. வேற சமையல்காரரு ரெண்டு பேரை வெச்சுப் பாத்தேன். பட்டறை ஆளுக எட்டிப் பாத்துட்டு, 'அந்தம்மா வந்தாச் சொல்லுங்க'ன்னு போயிட்டாங்க. ஆமா, அவ பஸ் ஏறினதைப் பாத்தவங்க சொல்லி இப்ப எல்லாருக்கும் தெரியும், உசுரோட இருக்கறான்னு. என்னைக் கண்டா ரோட்டுல அந்தாண்ட போறாங்க. பொண்டாட்டியைக் கொன்னு வியாபாரம் பண்ணினவன்னு பேரு. அந்தப் போட்டோவைக் கழட்டிட்டேன். மாலையைத் தூக்கி வீசிட்டேன். சுவத்துக்கு மஞ்சப் பெயிண்டு அடிச்சாச்சு, பெஞ்சு பழையபடி வந்தாச்சு. உசுரோட இருக்கற சுமங்கலிக்கு மாலையைப் போட்டு ஊதுபத்தி வெச்சா, எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது? அதான அவளுக்குக் கோவம்? அதுக்குத்தான் எல்லாத்தையும் மாத்தினேன்.

மொத ஞாயித்துக்கெழமை போய் இதையெல்லாம் சொன்னேன். ஜன்னலை எடுத்துட்டேன், டியூப் லைட்டு மாட்டிட்டேன், அந்தப் பையனைக் கணக்கு முடிச்சுத் தாட்டி விட்டுட்டேன், இன்னும் என்னதான் வேணும் அம்மிணின்னு கேட்டேன். அவ திட்டலைங்க. திட்டினாப் பரவால்லை. நிதானமாக் கேட்டா, 'ஏனுங்க மாமா, கொழம்பு எறக்கறப்ப நான் கடைசியா என்ன போடுவேன்?'

'அது எதுக்கு இப்ப?'ன்னேன்.

'நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. சொல்லுங்க, வந்தர்றேன்'னா.

'கறிவேப்பிலை'ன்னேன். அவங்க அண்ணன் தங்கமுத்து மச்சான் வெளிய கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. 'இல்லீங்க'ன்னா அவ. 'சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னு இலை போட்டா. அதே கொழம்பு. அத்தனையும் இருக்குது அதுல. நான் கேள்வில தோத்துட்டு, பதிலைச் சாப்பிட்டுட்டு வர்றேன்.

ரெண்டாவது வாரம் மிளகுத்தூளுன்னு சொன்னேன். இல்லீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. மூணாவது வாரம் கசகசா. எங்க கடைல பாத்திரம் கழுவற மருதாயிதான் சொன்னா, கசகசாவா இருக்கும்னு. இல்லீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. கண்ணை மூடி, ஒவ்வொரு வாயா, நாக்குல உருட்டி உருட்டிச் சாப்பிட்டுப் பாத்தேன் தம்பி. இருபத்தஞ்சு வருசமா தெனமும் சாப்பிட்ட கொழம்பு. அதுல என்ன இருக்குதுன்னு தெரியலை. சமையல்கட்டுக்கும் கல்லாவுக்கும் நடுவுல எட்டு அடிங்க. எட்டு அடி நடந்து போய், சட்டியை எட்டிப் பாத்ததில்லை.

இன்னிக்கு ஒரு பையோட வந்திருக்கறேன். பாருங்க. கல்பாசி, மராட்டி மொக்கு, கொப்பரை வறுத்துப் பொடிச்சது, சின்ன வெங்காயம் வதக்கினது. மளிகைக்கடைக்காரரு, கல்யாணச் சமையல்காரரு, எங்க டாக்டரம்மா வரைக்கும் கேட்டாச்சு. ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. ஒவ்வொண்ணா எடுத்து முன்னாடி வெச்சு, இதா, இதான்னு கேட்டுருவோம்னு. எதாவது ஒண்ணு சரியா இருக்குமில்ல? உங்க கடைல என்ன போடறதா இருக்கறீங்க? உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க, அதையும் சேத்துக்கறேன்.

என்ன? சத்தமாச் சொல்லுங்க, இந்த டப்பா பஸ்ஸு சத்தத்துல காது கேக்கலை.

தெரியலைன்னு அவகிட்டயே சொல்லிட்டா என்னவா?

யாரு, நானா? துளசிகிட்டயா?

அது எப்படிங்க. அது வந்து... அவ என்ன நெனைப்பா? நான் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லைங்க. கடை வாடகை, புள்ளை படிப்பு, எது கேட்டாலும் 'எனக்குத் தெரியும், நீ போ'ன்னுதான் சொல்லியிருக்கறேன். தெரியாததுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கறேன். சிரிங்க, சிரிங்க, எனக்கே சிரிப்பாத்தான் இருக்குது.

இருங்க, சொல்லிப் பாக்கறேன். 'துளசி, கடைசியா நீ என்ன போடறன்னு எனக்குத் தெரியாது.' இப்படியா? கொரலு ஏன் இப்படி வருது. இன்னொருக்கா. 'எனக்குத் தெரியாது துளசி. நான் உனக்குச் சொல்லிக் குடுக்கலை. நான்...'

சித்த இருங்க தம்பி.

அதா? அவ போனது கேமரா முன்னாடி சொன்ன அந்த வார்த்தைக்கா?

மூணு நாளு செத்தவளா இருந்து சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தா.

வெள்ளகோவிலுங்களா? வந்துருச்சா அதுக்குள்ள? கண்டக்டரே, நான் இங்க எறங்கலைங்க. அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. ஆமா, மச்சான் ஊட்டுக்குத்தான் போறேன், திரும்பி நடந்து வந்துக்கறேன். அரை மணி நேரம் நடக்கோணும். அதுக்குள்ள இதைத் தடுமாறாமச் சொல்லப் பழகிக்கறேன். இந்தப் பையை நீங்க வெச்சுக்குங்க தம்பி, எனக்கு வேண்டாம்.